பியூட்டேனே போதும்

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது ஏதோ ஒரே வாயு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை மேடம். பியூட்டேன், புரொப்பேன் என்று இரண்டு. கலந்து அடைத்துத் தருகிறார்கள். முப்பத்தொரு வருஷம் திருச்சியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தினேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தானாக எழுந்து கேட்ட மாணவன் ஒருவன்தான். அவன் பெயர் அரவிந்தன். நீங்கள் மேலே எழுதிவைத்திருக்கும் பெயரும் அதுதான்.

வித்தியாசம் பெரிதாக ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் இரண்டும் திரவமாகத்தான் இருக்கும், ஆவியாகி வெளியே வந்தால்தான் எரியும். கடுங்குளிரில் பியூட்டேன் ஆவியாகாது, அப்படியே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் முப்பதிலும் எரியும். நம் ஊரில் யாருக்கும் தேவைப்படாத அறிவு. மார்கழி விடியலில்கூட ஸ்ரீரங்கத்தில் ஒரு சால்வை போதும்.

அரவிந்தன் நல்ல பையன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கைலாசபுரம் குடியிருப்பில் வளர்ந்தவன். எங்கள் சமூகம் இல்லை. நான் சம்மதிக்கமாட்டேன் என்று என் பெண் ஸ்ம்ருதி மூன்று மாசம் பயந்து மறைத்திருக்கிறாள். சொன்ன அன்றைக்கே சரி என்றேன். எங்கள் வடக்கு உத்திர வீதியில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்கும் நானே பதில் சொன்னேன். ஆகையால் ஜாதிக்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள். நான் அப்படிப்பட்ட மனுஷன் இல்லை.

தை மாசம் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. அதற்கு மறுவாரம், ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊரில் வேலை கிடைத்துவிட்டதாக அரவிந்தன் வந்து சொன்னான். கல்யாணம் முடிந்ததும் இருவரும் கிளம்புவதாகத் திட்டம்.

என் மனைவி பரமபதித்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டை ஸ்ம்ருதிதான் பார்க்கிறாள். ஐந்தரைக்குக் காபி. ஏழரைக்குள் சமையலை முடித்து, பெருமாளுக்கு அமுது கண்டருளப்பண்ணிவிட்டு, ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போவாள். அவளும் கெமிஸ்ட்ரிதான். எனக்குக் கண்ணில் குளுக்கோமா. கை நடுங்குவதால் சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்ள முடியாது, அவள்தான் விடுவாள். அவளுக்கு இருபத்தொன்பது வயசு. வந்த ஜாதகங்களில் எல்லாம் நான் ஏதாவது ஒரு குறை கண்டேன். பெண்ணுக்கு ஏற்ற இடமாக வேண்டும் அல்லவா.

அரவிந்தன் ஒன்றும் யோசிக்காதவன் இல்லை. "நீங்களும் எங்ககூட வந்துடுங்க சார். உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கும். விசா வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். ரங்கனை விட்டு இந்த வயசில் எங்கே வருவது என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. "அப்போ வருஷத்துக்கு ஒரு தடவை இவங்கள அனுப்பிவைக்கறேன் சார்" என்றான். என் பெண்ணை, என்னிடம், அவன் அனுப்பிவைப்பான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த அனுபவம் இல்லாததால் உறுத்தியது என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனும் பாலக்கரை ஸ்டீபன்ராஜும் காலேஜ் காலத்திலிருந்தே சேர்ந்து மலை ஏறுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாக ஒன்று என்று நவம்பரில் இமாசலத்துக்குப் போனார்கள். ரயிலிலும் விமானத்திலும் கேஸ் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஸ்டவ்வுக்கான டப்பாக்களை மணாலியில்தான் வாங்கவேண்டியிருந்தது. கடையில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்தான். நான் செய்யச் சொல்லவில்லை.

"சார், இங்க ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு வெறும் பியூட்டேன், இன்னொண்ணு புரொப்பேன் கலந்தது. கடைக்காரர் கலந்ததைத்தான் எடுக்கச் சொல்றாரு. எது சார் எடுக்கட்டும்?"

நான் கொடியிலிருந்து எடுத்த வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே குளிர் எவ்வளவு என்று கேட்டேன். மேலே போனால் ராத்திரியில் மைனஸ் பதினெட்டு, இருபது என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் நான் சொன்ன பதிலை அவன் மறந்திருந்தான். என்மேல் இருந்த நம்பிக்கை மட்டும் மறக்கவில்லை.

"பியூட்டேனே போதும்ப்பா. புரொப்பேன்ல பிரஷர் ஜாஸ்தி" என்றேன்.

பிரஷர் ஜாஸ்தி என்பது உண்மை. பரீட்சையில் யாராவது எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பேன்.

இத்தோடு நின்றிருந்தால் வயசானவனுக்கு வாய் தவறிவிட்டது என்று நீங்களே ஃபைலை மூடியிருப்பீர்கள். ஸ்டீபன்ராஜ் இரண்டாவது போனைப் பற்றியும் சொல்லியிருப்பான். ஆகையால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் நாள் மத்தியானம் அது. முந்தின நாள் காலையிலிருந்தே பனி கொட்டி வழி மூடிவிட்டதாம். அரவிந்தனுக்குக் கணுக்கால் பிசகி நடக்க முடியவில்லை. சிக்னலுக்காக ஸ்டீபன்ராஜ் ஒரு மேட்டில் ஏறி நின்று பேசினான். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"மீட்புக் குழுவுக்குச் சொல்லிட்டோம் சார், நாளைக்குத்தான் வர முடியுமாம். ஸ்டவ் நேத்துலேர்ந்து பத்தவே மாட்டேங்குது. டப்பா ஃபுல்லாதான் இருக்கு. பனிய உருக்க முடியல, குடிக்கத் தண்ணி இல்ல. அரவிந்தனுக்குப் பேச்சு குழறுது. என்ன சார் பண்றது?"

டப்பாவைச் சட்டைக்குள் போட்டு உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் உடம்புச் சூடு ஏறி ஒரு பாத்திரம் தண்ணீர் காய்கிற அளவுக்காவது எரிந்திருக்கும். பிறகு மறுபடி அணைத்துக்கொள்ளலாம். அப்படியே ஒரு ராத்திரியைத் தள்ளிவிடலாம். எனக்கு அது உடனே தோன்றியது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"டப்பாவைக் கூடாரத்துக்குள்ள வெக்காதீங்கப்பா, கசிஞ்சா ஆபத்து. வெளியே பனியில வெச்சுடுங்க. காலையில வெயில் வந்ததும் தானா பத்தும்" என்றேன்.

"சரிங்க சார். தேங்க்ஸ் சார்" என்றான்.

போனை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, கூட்டமே இல்லை. ஆற அமரப் பெருமாளைச் சேவித்தேன். அரவிந்தனுக்காகவும் வேண்டிக்கொண்டேன். வேஷம் என்று நினைக்காதீர்கள், மனப்பூர்வமாகத்தான் வேண்டிக்கொண்டேன். பெருமாள் நினைத்திருந்தால் வெயிலை அனுப்பியிருக்கலாம்.

மறுநாள் மீட்புக் குழு போனபோது அரவிந்தன் உயிரோடு இல்லை. ஸ்டீபன்ராஜுக்கு இடது காலில் நாலு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஸ்ம்ருதி சத்தம் போட்டு அழவில்லை. பத்து நாள் லீவு போட்டாள், பதினோராம் நாள் ஸ்கூலுக்குப் போனாள். சமையல், மருந்து எல்லாம் பழையபடி நடந்தது. பெர்த் பேச்சு நின்றுவிட்டது. காலம் எல்லாவற்றையும் சரிசெய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து ஸ்டீபன்ராஜ் ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். என்மேல் அவனுக்குச் சந்தேகமே இல்லை. என் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்து, "நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சோம் சார். டப்பாவை வெளியவே வெச்சிருந்தோம். ஆனா வெயிலே வரல" என்று அழுதான். காபி கொண்டுவந்த ஸ்ம்ருதி டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"அப்பா எங்க வைக்கச் சொன்னார்?"

"வெளியங்க. பனியில."

"எந்த கேஸ்?"

"பியூட்டேன். அதுவும் சார் சொல்லித்தான் வாங்கினோம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பனியில பியூட்டேன் எரியாதுன்னு உனக்குத் தெரியாதாப்பா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன். வாய் வரவில்லை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியவன், என் பெண்ணுக்கும் நானே சொல்லிக்கொடுத்தவன், அதைப் போய்த் தெரியாது என்று எப்படிச் சொல்வது? தெரியும் என்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டீபன்ராஜோடு வெளியே போனாள். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். இரண்டு தடவையும். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கைலாசபுரத்தில் அரவிந்தனின் அம்மாவோடு இருக்கிறாளாமே. இருக்கட்டும். அந்த அம்மாவுக்கும் ஒரு துணை வேண்டும். கோபம் ஆற ஒரு மாசமாகும், இரண்டு மாசமாகும். அப்புறம் வந்துவிடுவாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.