மூணு மணிக்கு வந்த தெய்வநாயகி

— பேரத்தான் சொல்லிப்போட்டேனுங்களே, தெய்வநாயகின்னு. எழுதிக்கங்க.

— அம்மா, எந்திரி மொதல்ல.

— அம்மா கிம்மாங்கற பேச்செல்லாம் வேண்டாங்க. போன்ல நேரம் கேட்டேன். மூணு மணிக்கு வரச் சொன்னீங்க. வந்துட்டனுங்க.

— மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பேசுனது நீதானா? சளிப் புடிச்ச பொம்பள, பாவம், என்ன வெசனமோன்னு...

— "பயப்படாம வாங்கம்மா, எத்தன நேரம் வேணும்னாலும் பேசலாம்"னீங்க. அந்தக் கொரல்ல ஊட்டுல ஒருநாளாச்சும் பேசியிருக்கறயா நீ... பேசியிருக்கறீங்களா?

— அது ஆரு போனு?

— கொடிக்கால்ல வெத்தல கிள்ள வாரவளுது. பேரும் அவளுதுதான். போன வாங்குனப்ப பேரையும் சேத்து வாங்கிக்கிட்டேன்.

— உண்ணாமலைன்னு உன்ற பேருலயே பேசியிருக்கலாமில்ல?

— "வேல இருக்குதும்மா, பொறவு பேசறேன்"னு வெச்சுப்போடுவீங்க.

— இங்க பாரும்மா. சொந்தக்காரங்களுக்கு நாங்க மனநல ஆலோசனை பண்ணக் கூடாது. இந்தத் தொழில்ல அது விதி. அப்பன், ஆத்தா, மாமன், மச்சான்... ஆருக்கும் ஆகாது.

— அதுக்குத்தானுங்களே தெய்வநாயகியா வந்திருக்கறேன்.

— பேர மாத்திட்டா நீ என்ற அம்மா இல்லீன்னு ஆயிருமா?

— தைப் பொங்கல் நோம்பிக்கு வந்தவ. ஆடியே பொறக்கப் போகுது. இந்த நாமக்கல்லுக்கும் நம்மூருக்கும் என்னமோ நடுவால கடல் கெடக்கற மாதிரி. அம்மாவாமா அம்மா!

— சரி, சத்தம் போடாத. கீழ ஆளுங்க இருக்காங்க.

— கீழ லாரிப் பட்டறையில டமார் டமார்னு தகரத்தப் போட்டு அடிக்கறான். இதுல நான் பேசறதுதான் கேக்கப் போகுதா? மேல மன அமைதி, கீழ லாரிக்குப் பாடி கட்டறது. நல்லா எடம் புடிச்சீங்க போங்க.

— வாடகை கம்மி. சேலத்துல எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க. நெம்பப் பொறுமை. அவங்ககிட்ட உன்னைய அனுப்பறேன்.

— முன்னப்பின்ன தெரியாதவகிட்ட என்ற ஊட்டுக் கதைய நான் எதுக்குச் சொல்லோணும்?

— தெரியாதவங்ககிட்டச் சொல்றதுதாம்மா நல்லது!

— என்னமோ படிப்பு. ஆமா... இந்தப் பொட்டியில எதுக்குங்க இத்தன தாளு?

— அழுகறவங்க கண்ணத் தொடைக்க.

— இவ்வளவு மெல்லுசா? எங்கூருல அழுகற அழுகைக்குத் துண்டே பத்தாது.

— அத எதுக்குப் பைக்குள்ள போடற?

— உங்கப்பா கண்ணாடி தொடைக்க... எங்கூட்டுக்காரருங்க. நான் படியேறி வாரப்ப ஒரு பொம்பள கண்ணு செவந்து எறங்குனாளே, பச்சச் சீல. எந்த ஊரு?

— சொல்ல மாட்டேன்.

— பஸ்ல பாத்த மொகமாட்டம் இருக்குது.

— சொல்ல மாட்டேன்.

— புருசங்காரன் குடியா, மாமியாக்காரி தொல்லையா? வாயால சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க.

— அம்மா! இங்க பேசுனது இந்த ரூமத் தாண்டாது. தலைய ஆட்டுனாலும் தாண்டுன மாதிரிதான்.

— எங்கூட்டுக்காரரே வந்து கேட்டாலும்?

— உங்கூட்டுக்காரரு லாரியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனாலும் சொல்ல மாட்டேன்.

— ம்... பரவால்ல.

— என்ன பரவால்ல?

— தேங்காயத் தட்டிப் பாக்காம ஆராச்சும் வாங்குவாங்களா? இன்னொண்ணும் கேக்கோணுங்க. பேங்கு இருக்குது, வாத்தியாரு வேலை இருக்குது. எங்க வம்சத்துல மொதமொதக் காலேஜி போன புள்ள நீங்க. இதுக்கு ஏன் வந்தீங்க?

— இப்ப எதுக்கு அது?

— ஒறம்பரை, சொந்தமெல்லாம் கேக்கறாங்க. நான் பல்லு டாக்டருன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

— என்னது!

— பின்ன? பைத்தியக்கார டாக்டருன்னா...

— அந்த வார்த்தையச் சொல்லாத. கெட்ட கோவம் வரும் எனக்கு. இரு... அதுதான் ஆராயி அத்தை ஊட்டுக் கல்யாணத்துல நாலு பேரு எனக்கு நேரா வந்து வாயத் தொறந்தாங்களா? நான் கொட்டாவின்னு நெனச்சு, "தூக்கம் வந்தாப் போயிப் படுங்க"ன்னுட்டேன்!

— அத்தைக்குக் கடவாப் பல்லு ஆடுது. "உன்ற மக திமிரு புடிச்சவ"ன்னு இன்னும் சொல்லிட்டுத் திரியறா.

— உள்ளதச் சொன்னா என்ன? "மத்தவிய பேச்சப் பொறுமையாக் கேக்கற வேலை"ன்னு சொல்றது.

— சொல்லாம இருந்தனா? நீ பத்தாவதுல கண்டக்டரு சட்டையப் புடிச்சவ. பொறுமையாக் கேக்கறாள்னா ஊருக்குள்ள ஒருத்தனும் நம்பறதில்ல. பல்லுப் புடுங்கறாள்னா ஒடனே நம்பறான். சொல்லுங்க. ஏன் வந்தீங்க?

— ஆஸ்டல்ல கூடப் படிச்ச புள்ள ஒருத்தி அழுதுக்கிட்டே இருந்தா. அதப் பாத்து...

— இது நீ மேடையேறி மைக்குல சொன்ன கதை. உங்கப்பா போன்ல வீடியோ பாத்தேன். பொய்யி.

— எப்படிப் பொய்யிங்கற?

— பொய் சொல்றப்ப நீ காதத் தடவுவ. வீடியோ பூரா காதத்தான் தடவுன. இப்பவும் தடவற. நெசத்தச் சொல்லுங்க, எந்திரிச்சுப் போயிடறேன்.

— நெசமாவே போயிருவயா?

— நாலரைக்கு பஸ்ஸு இருக்குதே.

— ...எருமை.

— ஆரத் திட்டறீங்க?

— திட்டல. எருமையப் பாத்துத்தான் இதுக்கு வந்தேன். நம்மூட்டு எருமை. சிரிக்காத!

— சிரிக்கலீங்க. இருமல்.

— அப்பா ஆழ்குழாக் கெணறு தோண்டற ரிக்கு லாரியில வடக்க போனா மாசக்கணக்கா வர மாட்டாரு. நீ சாயங்காலம் பொழுதோட பால் கறக்கப் போயி எருமைகிட்டப் பேசிக்கிட்டு இருப்ப. பெரியம்மா உன்னைய ஏசுனது, அப்பா போன எடுக்காதது... எல்லாம். நான் அடுக்கி வெச்ச சோளத்தட்டுப் போருக்குப் பின்னால ஒக்காந்து கேப்பேன்.

— ஒட்டுக் கேட்டீங்க.

— கேட்டேன். மாட்டுக் கட்டுத்தரைக்குப் போறப்ப உன்ற மொகம் கரிச்சட்டியாட்டம் இருக்கும். திரும்பி வாரப்பப் பாட்டுப் பாடிக்கிட்டு வருவ. அந்த எரும ஒரு வார்த்த பேசல. "பொம்பளையாப் பொறந்தாப் பொறுத்துத்தான் போகோணும்"னு சொல்லல. "எனக்குக் கூட இப்பிடித்தான்"னு அது கதைய எடுத்து வுடல. பக்கத்தூட்டு எருமைகிட்டப் போயி ஓதல. கம்முனு அசை போட்டுட்டு நின்னுச்சு. காலேஜில அதையேதாம்மா இங்கிலீசுல சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு மூக்கு மேல கோவம். வாரவிய பேச்சக் கேட்டா, அந்தப் புருசன எட்டி ஒதைக்கலாமான்னு வரும். அப்ப நம்ம எருமைய நெனச்சுக்குவேன். வாய மூடிக்குவேன்.

— இத மைக்குல சொல்றதுக்கு என்ன?

— மாட்டு டாக்டருன்னு நெனச்சுக் கன்னுக்குட்டியப் புடிச்சுட்டு வருவாங்க.

— பல்லுக்கு மாடு தேவலை.

— சரி, சொல்லிப்போட்டேன். கெளம்பு.

— அந்த எருமைய வித்தாச்சு சாமி.

— ...என்ன? எப்ப?

— உங்கப்பா வித்துப்போட்டாரு.

— எங்கிட்ட ஏம்மா சொல்லல?

— சொல்லத்தான் கூப்புட்டேன். வேல இருக்குதுன்னுட்ட. ரிக்கு வேலைய வுட்டுப்போட்டு வந்ததுலருந்து மனுசன் அடுப்படியிலயே நிக்கறாரு. உப்புப் போட்டயா, மூடி போட்டயாங்கறாரு. அண்டாவத் தூக்கிட்டு நான் திரும்புனா, "வா, வா, இன்னும் ஒடி, நேரா வா"ங்கறாரு, லாரியப் பின்னால எடுக்கற மாதிரி. அவரப் பத்தி அவருகிட்டயேவா போயிச் சொல்ல முடியும்?

— அம்மா... அழுகறயா? இந்தா, தாளு.

— வேண்டாம். பையில நெறையக் கெடக்குது.

— நான் உனக்கு ஆலோசகரா இருக்க முடியாதும்மா. அது விதி, மாத்த முடியாது. ஆனா ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன். பொழுதோட, நீ எருமைகிட்டப் போவியே, அந்த நேரத்துக்கு. மகளா ஒக்காந்து கேக்கறேன். போனையும் அமத்தி வெச்சுடறேன்.

— "பொறுத்துப் போ"ங்க மாட்டயே?

— மாட்டேன்.

— உங்கப்பாகிட்ட ஓத மாட்டயே?

— மாட்டேன்.

— அசை போடுவியா?

— அம்மா!

— சரி, சரி. வாரப்ப எருமைக்கு ஒரு மூட்டத் தவுடு வாங்கிட்டு வா.

— எந்த எருமைக்கு? வித்தாச்சுன்னயே!

— எருமைய ஆரு வித்தா? கட்டுத்தரையிலயேதான் நிக்குது. அதுக்கு என்ன சாமி தெரியும், பாவம்... தட்டுப்போருக்குப் பின்னால உன்ற கொலுசுச் சத்தம் கேட்டாத்தான அன்னைக்கெல்லாம் நான் வாயவே தொறப்பேன்.