சின்னசாமி பெயரில் ஓர் அட்டை

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் காப்பி குடிக்காமல் போனதில்லை, வக்கீல் சார். அதனால் பால் பாக்கி எப்போதும் கொஞ்சம் கூடத்தான் நிற்கும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் சம்பளப் பட்டியல் எழுதுகிற குமாஸ்தா. எழுபத்தொன்பதில் என் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன். அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியதில் வாடகை நின்றது, மளிகை நின்றது. வீட்டுக்காரர் தெருவில் நின்று கேட்டார். என் மனைவி அம்சவேணி இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. கடன்காரன் வாசலில் நின்று கத்தினால் குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெரு ஜியாவுதீன் பாய் தன் கடையில் கடன் அட்டை கொண்டுவந்தார். துணி, பாத்திரம், எதுவானாலும் தொழிலாளிகள் அட்டையில் எடுத்துக்கொள்ளலாம். வாராவாரம் கூலியில் பிடித்து ஷாப் ஆபீசிலிருந்து நாங்கள் கடைக்குக் கட்டிவிடுவோம். பாய் மேல் குற்றம் இல்லை. நல்ல மனிதர்.

நான் என் அட்டையில் ஒரு எவர்சில்வர் குடம் எடுத்தேன். நூற்றுப்பத்து ரூபாய். அதை வாணியம்பாடியில் எண்பதுக்கு விற்று, அன்றே பால்காரருக்குக் கொடுத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த மாதம் சம்பளம் குறைந்து வந்தது. வாடகைக்கு இரண்டு சேலை எடுத்து விற்றேன். நான்கே மாதத்தில் என் அட்டை நிரம்பிவிட்டது. பழைய கடன் பாதிகூடக் குறையவில்லை.

சின்னசாமிக்கு எங்கள் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை சரியாக விழாது, இரண்டு முறை வைக்கச் சொல்வேன். எனக்கு தோஸ்த். "எங்கிட்ட இருந்தா நனைஞ்சி பூடும் லோகு, நீயே வெச்சிக்கோ" என்று தன் அட்டையை என்னிடம் கொடுத்திருந்தான். பலருக்கும் கடையிலிருந்து நான்தான் பொருள் வாங்கி வருவேன். கூட்டமாக இருந்தால் அட்டையில் நானே எழுதுவேன், பாய் கையெழுத்து மட்டும் போடுவார். அட்டையைக் காட்டி நீங்கள் கேட்டீர்களே, அந்த எழுத்து யாருடையது என்று. என்னுடையதுதான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அவன் அட்டையில் எடுப்பது ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். அது ஒன்றரை வருஷம் ஓடியது. கூலி கம்மியாக வருகிறதே என்று சின்னசாமி கேட்டபோது பி.எஃப். பிடித்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்றேன். சரி என்றான்.

எண்பத்திரண்டு பொங்கலுக்கு அவன் மனைவி கமலம் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்கக் கடைக்குப் போனாள். ஆயிரம் ரூபாய் நிற்கிறது, இனித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னசாமி நேராக என்னிடம் வந்தான். பாயிடம் போய் விசாரித்திருக்கலாம். என்னை நம்பினான்.

"வீட்டில் கேட்டுப் பார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். அம்சவேணி காப்பி கொடுத்தாள். கமலம் டம்ளரைத் தொடவில்லை. "ண்ணா, நீங்க சொன்னா அவரு நம்புவாரு. அதுல இன்னா எழுதிகிதுன்னு படிச்சிச் சொல்லுங்க" என்றாள்.

படித்தேன். நூல் சேலை இரண்டு. குடம் ஒன்று. பிரஷர் குக்கர் ஒன்று.

"எங்க வூட்ல குக்கர் ஏதுண்ணா?"

"அப்ப வித்துட்டியா? எவனுக்குக் குடுத்த துட்ட?" என்றான் சின்னசாமி.

அப்போது எங்கள் சமையலறையில் விசில் அடித்தது. அந்த ஒன்றை மட்டும் நான் விற்கவில்லை. கமலம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உள்ள இருக்கறது..." என்று ஆரம்பித்தாள்.

"அவுரு வூட்ல குந்திகினு அவுரையே சொல்றியா?" என்று சின்னசாமி அறைந்தான். அவளை அவன் அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளையை அடிப்பது தப்பு என்று நான்தான் அவன் கையைப் பிடித்தேன். போகும்போது அவள் அழவில்லை.

மறுநாள் காலை அவளை ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். கோடித்துணிக்கு யாரிடமும் காசில்லை. நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பாய் அன்று மறுப்புச் சொல்லவில்லை. சின்னசாமி அட்டையில் கடைசி வரி அதுதான்.

"அடிச்சியா?" என்று போலீஸ் கேட்டது. சின்னசாமி "அடிச்சேன்" என்றான். கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். கமலம் செலவாளி என்று கேள்விப்பட்டதாகச் சொன்னேன். அவளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஆனால் போனவளை என் வார்த்தை இனி என்ன செய்யும்? எனக்கு மனைவி, இரண்டு பெண்கள்.

தற்கொலைக்குத் தூண்டினான் என்று ஏழு வருஷம் போட்டார்கள். வேலூர் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். கம்பெனியில் அவனுக்கு வர வேண்டிய பணத்தை வாங்கும் காகிதத்தை நீட்டினேன். ரேகை வைத்தான். "கமலத்தோட அம்மாகிட்ட குடுத்துடு லோகு. பொண்ணு அங்கதான் கீது. உன்ன வுட்டா எனக்கு யாரு?" என்றான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆயிரத்து நூறு ரூபாய் வந்தது. முதலில் அவன் அட்டையில் நின்ற ஆயிரத்து ஐம்பத்து நான்கைப் பாய்க்குக் கட்டினேன். ஜெயிலில் இருப்பவன் பெயரில் கடன் நிற்கக் கூடாது இல்லையா? மீதி நாற்பத்தாறு ரூபாயை, பஸ் பிடித்துப் போய், கமலத்தின் அம்மா கையில் கொடுத்தேன். பஸ் செலவைக்கூட அதில் நான் எடுக்கவில்லை, சார்.