பாதிக்குப் பாதி

— பிரவீனா, முட்டை அட்டையைக் கீழ வெய்யி புள்ள. ஒடச்சுப்போடுவ.

— ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுதுங்க மாமா. நாளைக்கு எருமப்பட்டிக்குப் பொண்ணுப் பாக்கப் போறீங்களாமா, நெசந்தானுங்களா?

— ஆரு சொன்னா?

— உங்க மூத்த மக இலக்கியாதான். "அப்பாவுக்கு இன்னொரு கல்யாணமாம்மா"ங்கறா. ஏழு வயசுப் புள்ளைக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?

— எனக்கு மட்டும் ஆசையா? பொறந்த மூணும் பொட்டையாப் போச்சு. எனக்கப்பறம் இந்தப் பண்ணையை ஆரு பாப்பா?

— பண்ணைக்கு மட்டும் பொட்டைக்குஞ்சாத்தான வாங்குறீங்க. சேவக்குஞ்சு ஒண்ணைக்கூட ஊட்டுப் பக்கம் அண்ட உடறதில்ல.

— அது முட்டைக்கு. இது பேரு சொல்றதுக்கு.

— சரீங்க, அதுக்கு நான் என்ன பண்ணுனேன்?

— நீயாப் பண்ணல. உன்ற ஒடம்பு வாகு அப்படி. கோழி டாக்டரு மீட்டிங்குல படம் போட்டே காட்டுனாரு. குஞ்சு சேவலா பொட்டையான்னு முடிவு பண்றது தாய்க்கோழிதானாம். சேவலு என்ன பாவம் பண்ணுச்சு?

— நான் கோழி இல்லீங்க மாமா.

— எல்லா உசுரும் ஒண்ணுதான்.

— இல்லீங்க. இந்த மாத்திரைச் சீட்டுக்குப் பின்னால பாருங்க, ஆஸ்பத்திரி டாக்டரம்மா வரஞ்சு குடுத்தாங்க. குரோமோசோமாம். பொம்பளைக்கு ரெண்டும் எக்ஸு. ஆம்பளைக்கு ஒரு எக்ஸு, ஒரு ஒய்யி. நான் எப்பவும் எக்ஸுதான் குடுப்பேன். நீங்க ஒய்யக் குடுத்தா, அதுல இருக்கற ஒரு ஜீனு கருவைப் பையனாக்குமாம். கோழிக்குத்தான் இது அப்படியே தலைகீழாம்.

— அப்ப, நாந்தான் குடுக்கலைங்கற.

— ஆரும் நெனச்சுக் குடுக்கறதில்லீங்க. காசு சுண்டறாப்பலதான். பூ விழுந்தாப் புள்ள, தலை விழுந்தாப் பையன். ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி. எருமப்பட்டிக்காரியக் கட்டுனாலும் இதேதான்.

— ஆமா, நீ எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன?

— மூணு மாசம் முடிஞ்சு போச்சுங்க.

— அடி இவளே! எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?

— பயந்துட்டேன். போகாதீங்க மாமா. எங்கப்பனூட்டுல அண்ணி ஒரு நாளைக்கு மேல சோறு போட மாட்டா. நாலு உசுரைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?

— அழுகாத. போகல.

— நெசமாலுமா?

— நெசந்தான். கொறை என்ற பக்கம்னா ஆளை மாத்தி என்ன ஆகப்போகுது? எருமப்பட்டிக்கு வல்லைன்னு இப்பவே போன் பண்ணிர்றேன்.

— என்ற சாமி! நீங்க நல்லா இருக்கோணும். அந்த டாக்டரம்மா நெம்ப நல்லா இருக்கோணும்.

— கண்ணத் தொடை. காலையில வெள்ளென எந்திருச்சுக் கெளம்பி இரு.

— எங்கீங்க மாமா? கோயலுக்கா?

— ஸ்கேன் பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளு இருக்கறான், வெளிய தெரியாது. ஹேச்சரியில பொறிச்ச அன்னைக்கே பாத்து, வேண்டாத குஞ்ச ஒதுக்கிப்போடறதில்லையா?

— ஐயோ மாமா, வேண்டாமுங்க. இது பொட்டப்புள்ளையாவே இருந்தாலும் நான் வளத்திக்கறேன். உங்க கால்ல உழுகறேன்.

— பாதிக்குப் பாதின்னு நீதான புள்ள சொன்ன? தலை விழுகற வரைக்கும் சுண்டிப் பாக்கலாம்.