சயின்ஸ் வகுப்புக்கு இரண்டு பெண்கள்

— நாளைக்குத் திங்கக்கிழமை, சபாபதி. காலமை பத்து மணிக்குள்ள ரெண்டு பிள்ளையளின்ர பேரும் அந்த ஹெட்மாஸ்டர் துரையின்ர மேசைக்குப் போகோணும். ஒண்டு என்ர மகள் குணபூசணி. மற்றது உம்மட மகள் தங்கமணி. போன கிழமை ஓம் எண்டு சொன்ன நீர், இப்ப ஏன் மாட்டன் எண்டுறீர்?

— கிராணி ஐயா, மொதல்ல உக்காருங்க. இத்தனை வருசத்துல நீங்க எங்க ரயில்வே கோட்டர்ஸ் பக்கம் வந்ததே இல்ல. ஆபீசு பெரிய கிராணிய நிக்க வச்சுப் பேசுறது ஒரு மாதிரியா இருக்கு. வீரம்மா, அந்த நாக்காலியத் தொடச்சுப் போடு.

— தொடச்சுத்தான் கெடக்கு. உக்காருங்கய்யா. காப்பி போடட்டுமா?

— வேண்டாம் வீரம்மா. நான் சாப்பிட வரேல்லை. உம்மட மனுசன் கதையை மாத்துறார். நீராவது சொல்லும். என்ன நடந்தது?

— என்னத்தய்யா நடக்கப் போவுது? நாங்க யோசிச்சுப் பார்த்தோம். ஒத்து வரல. அதான்.

— ஏன் ஒத்து வரேல்லை எண்டுதான் கேக்கிறன்.

— நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அதென்ன ரெண்டு பேருன்னு ஒரு சட்டம்? உங்க பொண்ணு போகட்டும். எங்க பொண்ணு இல்லாம அந்த வகுப்பு நடக்காதா?

— உமக்கு முழுக்கச் சொல்லுறன், கேளும். வெள்ளைக்கார மிஸ்ஸி நடத்துற பெட்டையளின்ர பள்ளிக்கூடத்தில எங்கட பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கினம்? தையல், சமையல், சுகாதாரம். அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் படிப்பிக்க அங்க ஒரு கண்ணாடிப் போத்தல்கூட இல்லை. பெடியன்களின்ர பள்ளிக்கூடத்திலதான் லபோரட்டரி இருக்கு. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ரெண்டு மணிக்கு, வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கும் அங்க வகுப்பு வைக்கினம். அந்தத் துரையின்ர விறாந்தையில நாலு தரம் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான். நாலாந்தரம்தான் வெளியில வந்தவர். முப்பது பெடியன்களுக்கு நடுவில ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தனிய இருத்த ஏலாதாம். ரெண்டு பேர் எண்டால் கடைசி வாங்குப் பெஞ்சில இருத்தலாமாம். ஒராள் நிண்டுபோனால் மற்றவளையும் நிப்பாட்டிப் போடுவினமாம். விளங்குதே? உம்மட மகள் இல்லையெண்டால் என்ர மகளும் இல்லை.

— வேற புள்ளைங்களே இல்லையாய்யா, இந்தக் கோலாலம்பூர் பூரா?

— தேடாமலோ இஞ்ச வந்தனான், சபாபதி? ஒரு சீனப் பிள்ளை இருக்கு, தகப்பன் கடையில நிப்பாட்டிப் போட்டான். ரெண்டு யூரேசியன், அதுதான் சட்டைக்காரப் பிள்ளையள், டைப்ரைட்டிங்குக்குப் போகுதுகள். காஜாங்கில ஒரு பிள்ளைக்கு நல்ல விருப்பம், ஆனால் வகுப்பு முடிய வீடு போக ரயில் இல்லை. எங்கட யாழ்ப்பாணச் சனத்திட்ட கேட்டன். பெட்டையைப் பெடியன்களோட இருத்தப் போறியோ எண்டு கேட்டுச் சிரிக்கினம். கிள்ளானில இருக்கிற என்ர அக்கா என்னோட கதைக்கிறதையே விட்டிட்டா. மிச்சம் உம்மட மகள் ஒருத்திதான்.

— என்னத்தச் சொல்றதுய்யா. வெயில்ல அம்புட்டுத் தூரம் நடக்கணும்.

— நடக்க வேண்டாம். என்ர ரிக்சாக்காரன் ரெண்டு பேரையும் கொண்டுபோய்க் கொண்டு வருவான். எட்டு வரியமா எனக்குத் தெரிஞ்ச சீனன்.

— ஆம்பளப் பசங்க கேலி பேசுவானுங்க.

— மிஸ்ஸியின்ர பள்ளிக்கூடத்து மார்க்கிரட் டீச்சர் கூட வந்து இருக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா. வகுப்பு முடியுமட்டும் வாசல் கதிரையில இருப்பா. ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

— அதென்னமோ திராவகமெல்லாம் இருக்காம்லய்யா அங்க. கையில மொகத்துல பட்டுச்சுன்னா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?

— வீரம்மா, உம்மட வீட்டு அடுப்பிலயும் நெருப்பு இருக்கு. அதுக்காக மகளைச் சமைக்க விடாமல் வைச்சிருக்கிறீரோ?

— தவளைய வேற அறுக்கச் சொல்வாங்களாம். நாங்க கவிச்சி திங்கிற ஆளுங்க, பரவால்ல. நீங்க சுத்த சைவம். உங்க பொண்ணு எப்படிய்யா அறுக்கும்?

— அது வேற பாடம். இந்த வரியம் இல்லை. அறுக்க வந்தால் அறுப்பாள். நான் சொன்னால் செய்வாள்.

— அது சரிய்யா. நீங்க சொன்னா செய்யும்.

— என்ன ஒரு மாதிரிச் சொல்லுறீர்?

— ஒண்ணுமில்ல. உள்ளதத்தான் சொன்னேன்.

— சபாபதி, நான் ஆபீசில எத்தினை பேரின்ர சாட்டுக் கேட்டிருப்பன். நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுறது எல்லாம் சாட்டு. இது உங்கட உண்மையான காரணம் இல்லை. பிள்ளைக்குக் கலியாணம் ஏதும் பேசிப்போட்டீரோ?

— இல்லீங்க. பதினாறு வயசுதான் ஆவுது. இன்னும் யாரும் வந்து கேக்கல.

— அப்ப தங்கமணியைக் கூப்பிடும். நான் அவளையே கேக்கிறன்.

— வேணாம்ய்யா. அவ தலவலின்னு உள்ள படுத்திருக்கா.

— ரெண்டு கேள்விதான்.

— வர மாட்டா. கூப்புட்டாலும் வர மாட்டா. அவளே மாட்டேன்னு சொல்லிட்டா, அவ்வளவுதான் விசயம். அதுக்கு மேல கேக்காதீங்க.

— அவள் மாட்டன் எண்டவளோ? நம்ப ஏலாது. போன மாசம் மிஸ்ஸி இவையளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த லபோரட்டரியைக் காட்டினவ எல்லோ. மார்க்கிரட் டீச்சர் எனக்கு எல்லாம் சொன்னவ. ஒரு நீலக் கடுதாசியை அமிலத்தில தோய்ச்சால் சிவப்பாகும். உம்மட மகள் அதை ஒருக்காச் செய்து போட்டு, இன்னொரு துண்டு தாங்கோ, இன்னொரு துண்டு தாங்கோ எண்டு ஏழு தரம் செய்தவளாம். அங்க இருந்த வாத்தியார், இந்தப் பிள்ளையின்ர கை நடுங்கவே இல்லை எண்டு சொன்னவராம்.

— எங்க கிட்டயும் வந்து சொன்னா. ராத்திரி சோறு திங்கும்போது அதத்தான் சொன்னா. அந்தக் கடுதாசித் துண்டு ஒண்ணக் கொண்டாந்து காட்டுனா. இவரு அத எடுத்து சாமி படத்துக்கிட்ட வச்சாரு. எதுக்குன்னு கேட்டா அவருக்கே தெரியல.

— பேசாம இரு வீரம்மா.

— உங்க பொண்ணு என்ன பண்ணுச்சாம்ய்யா அங்க? டீச்சரு சொன்னாங்களா?

— குணபூசணியோ? அவள் கதவுக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தவளாம். அவள் அடக்கம். சந்தோசத்தையும் வெளியில காட்ட மாட்டாள். அண்டையில இருந்து வீட்டில வாய் திறக்கிறேல்லை. எந்நேரமும் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறாள். இந்த வகுப்பு கிடையாமல் போனால் அந்தப் பிள்ளை உடைஞ்சு போகும் வீரம்மா. எனக்குத் தெரியும், நான்தானே வளர்க்கிறனான்.

— ஐயா, எங்கள மன்னிச்சிருங்க. முடியாது, அவ்வளவுதான்.

— நீர் யாரோட கதைக்கிறீர் எண்டு யோசிச்சுக் கதையும். உம்மட லீவுக் கடுதாசி என்ர மேசைக்கு மேலாலதான் போறது. இந்தக் கோட்டர்சும் அப்பிடித்தான். அங்க தூரத்தில, கெமாஸ் ஸ்டேசனில உம்மைப்போல ஒரு பிட்டர் வேணும் எண்டு ரெண்டு மாசமாக் கேக்கினம். நான் இன்னும் ஒருத்தரின்ர பேரும் எழுதேல்லை.

— அது எனக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்க வாசப்படி ஏறும்போதே நெனச்சுக்கிட்டேன். எழுதுறதுன்னா எழுதுங்கய்யா. பொட்டியக் கட்டிக்கிட்டுப் போறேன். என்னால வேற என்ன செய்ய முடியும்? ரப்பர் வெல விழுந்தப்ப வேலய விட்டு நிப்பாட்டி ஊருக்குக் கப்பலேத்திருவாங்களோன்னு ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டுத்தான் கெடந்தோம். கெமாஸ் அவ்வளவு மோசமில்ல.

— அப்பவும் மகளை அனுப்ப மாட்டீர்?

— மாட்டேன்ய்யா.

— ஐயா, காப்பி இல்லாட்டி ஒரு வாய் தண்ணியாவது குடிங்க. மொகமே சரியில்ல.

— தாரும் வீரம்மா. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது, சபாபதி. கெமாஸ் கதையை மறந்து போடும். நான் ஒருத்தரின்ர பேரையும் எழுத மாட்டன். எனக்கு வேற வழி தெரியேல்லை, அதுதான் வாயில வந்தது.

— பரவால்லய்யா. நான் மனசுல வச்சுக்கல.

— உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். ஆபீசில ஒருத்தருக்கும் தெரியாது. பத்து வரியத்துக்கு முந்தி நான் கிள்ளான் ஸ்டேசனில வேலை. மனிசிக்கு ரெண்டாவது பிள்ளைப்பேறு. மருத்துவிச்சி ரெண்டு நாள் வைச்சிருந்து பார்த்துப்போட்டு, இனி என்னால ஏலாது எண்டு சொல்லிப்போட்டா. ஸ்டேசன் மாஸ்டர் இரக்கப்பட்டு ஒரு டொக்குத்தரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். நல்ல மனுசன், பையோட வாசலில வந்து நிக்கிறார். நான் குறுக்க நிண்டு மறிச்சனான். ஆம்பிளை ஒருத்தன் என்ர மனிசியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது எண்டனான். அவர் இங்கிலீசில கெஞ்சினவர். உள்ளுக்குள்ள அவள் கத்துறது ரெண்டு பேருக்கும் கேக்குது. நான் வழி விடேல்லை.

— ஐயோ.

— பொம்பிளை டொக்குத்தர் ஒருத்தி இருந்திருந்தால் விட்டிருப்பன், வீரம்மா. கோலாலம்பூருக்கு ஆள் அனுப்பினனான். ஒருத்தரும் வந்து சேரேல்லை. விடியேக்குள்ள தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த டொக்குத்தர் விடியுமட்டும் எங்கட படியிலயே இருந்தவர். போகேக்க என்னை ஒரு பார்வை பார்த்தவர். இண்டைக்கும் ஒரு வீட்டு வாசலைத் தாண்டேக்க எனக்கு அது ஞாபகம் வருது. இஞ்ச வரேக்கையும் வந்தது.

— உங்க பொண்ணுக்கு இது தெரியுமாய்யா?

— நான்தான் சொன்னனான். ரெண்டு வரியத்துக்கு முந்தி, எல்லாம் ஒளிக்காமல் சொன்னனான். நீ சிங்கப்பூருக்குப் போய் டொக்குத்தராப் படிக்கோணும் மகள், இனி ஒரு வீட்டில என்னைப்போல புத்தி கெட்ட ஒரு விசரன் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கக் கூடாது எண்டனான்.

— அது என்ன சொல்லுச்சு?

— ஓம் அப்பா எண்டாள்.

— வேற ஒண்ணும் சொல்லலியா?

— வேற என்ன சொல்லோணும்? அதுக்குப் பிறகு நான் ஒரு நாளும் அவளைக் கேக்கேல்லை. கேக்க என்ன இருக்கு? இந்த வகுப்பு ஒண்டு கிடைச்சால் மிச்சத்தை நான் பார்ப்பன். இது இல்லாமல் சிங்கப்பூரில இடம் எடுக்கிறது பெருங் கஸ்டமாம். அடுத்த வரியம் எண்டால் வயசு போயிடும். சபாபதி, நான் உம்மட மேலதிகாரியா வரேல்லை. ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைக் கேக்கிறன்.

— ஐயா, என்ன பண்றீங்க? எந்திரிங்க. கால்ல போய் விழுந்துக்கிட்டு... வீரம்மா, புடி, அந்தப் பக்கம் புடி.

— விடும். நீர் ஓம் எண்டு சொல்லுமட்டும் நான் எழும்பேல்லை. ஆரும் பார்க்கட்டும், எனக்கென்ன.

— பாவம்லா இவரு. சனமெல்லாம் குழாயடியிலேர்ந்து எட்டிப் பாக்குது. எந்திரிங்கய்யா, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்.

— நாளைக்குப் பத்து மணி வீரம்மா. ஒரு பேர். ஒரேயொரு பேர்.

— ஏங்க, இனிமே என்னால முடியாது. இந்த மனுசன இப்படித் தரையில பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியல. நான் சொல்லப் போறேன்.

— வேணாம் வீரம்மா. அந்தப் புள்ள தலயில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போயிருக்கு.

— எந்தப் பிள்ளை?

— ஒண்ணுமில்லய்யா, அவ என்னமோ ஒளர்றா.

— எந்தப் பிள்ளை, வீரம்மா?

— உங்க பொண்ணுதான்ய்யா. வியாழக்கெழம இங்க வந்து, இதே எடத்துல உக்காந்து, 'எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம் மாமி, அப்பாட்டச் சொல்ல ஏலாது, தங்கமணி மாட்டன் எண்டு சொன்னாத்தான் நான் தப்புவன்'னு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. உள்ள படுத்துக் கெடக்குறாளே எம்மவ, அவ உசுரே அந்த வகுப்புதான், உங்க பொண்ணுக்காகத்தான் மாட்டேன்னு சொன்னா.