ஒன்பதாவது முடிச்சு

இரவு பதினொன்று நாற்பது. மொன்றியல் நகரத்துக்குப் பக்கத்தில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயிலைத் தாண்டிப் போகும் சென்-ரெஜி வீதி. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள். மறுபக்கம் பனி... பனிக்குப் பின்னால் இன்னும் பனி. இரண்டாயிரத்து ஏழு, பெப்ரவரி மாதம். மைனஸ் இருபத்திரண்டு.

ஆளில்லாத அந்த வீதியில் ஒரு வெள்ளை வான் வருகிறது. உள்ளே எல்லா விளக்குகளும் எரிகின்றன.

"ஏன் உள்ளுக்கு லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடினவர்?" என்று குணேஸ்வரி அக்கா உடனே மறித்தார். "முன் கண்ணாடி மினுங்கி ரோட்டுத் தெரியாதெல்லோ?"

"அக்கா, முதல்ல பேயைக் கூப்பிடுவம். பேந்து ஆளுக்கு லைசென்ஸ் குடுப்பம்," என்றேன் நான்.

சிரித்தார்கள். இந்தக் கதைக்கு முன் கொஞ்சம் சிரிப்பு வேண்டும். வெறும் வயிற்றில் மருந்து கொடுக்கக் கூடாது. நான் கதை சொன்னது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில். உறைமழையில் மின்கம்பி அறுந்து ஐந்து மணி நேரம். நாங்கள் ஆறு பேர், போர்வை மூன்று, மெழுகுதிரி ஒன்று.

விளக்குக்குக் காரணம் இருந்தது. வானுக்குள் இருந்த எட்டுப் பேருக்கும் காது கேளாது. அவர்கள் பேசுவது கையால். விளக்கை அணைத்தால் எட்டு வாயையும் ஒரேயடியாகப் பொத்தியதுபோல.

ஓட்டிவந்தவர் என் நண்பன் மதுஷனின் அத்தான், நகுலேஸ்வரன். அவருடைய தங்கை நிரோஜா பிறவியிலேயே கேளாதவள். மொன்றியலுக்கு வந்து அவள் கெபெக் சைகை மொழி படித்தபோது, பக்கத்தில் இருந்து இவரும் படித்தார். பிறகு அதுவே தொழிலாயிற்று. கேளாதவர்களைக் குழுவாக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டும் வழிகாட்டி. மற்ற வழிகாட்டிகள் மைக்கில் கத்துவார்கள். இவர் கையால் சொல்வார்.

அதற்கு முந்திய ஒக்டோபரில் ஜப்பான். பன்னிரண்டு நாள். நிரோஜாவையும் சேர்த்து ஒன்பது பேர். தேநீர்ச் சடங்கு பார்த்தார்கள். கையால் காகிதம் செய்தார்கள். பெரிய முரசு ஒன்றின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, அதன் அடி எலும்புக்குள் ஏறுவதை உணர்ந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுதவர்களும் உண்டாம்.

அந்த ஒன்பது பேரில் மூத்தவர் அல்போன்சம்மா. வயது அறுபத்தொன்று. ஜான்-டலோன் சந்தையில் தக்காளி தெரிந்தெடுக்கும் வேலை. நாலு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. ஆனால் குரல் இருந்தது. சிரித்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது.

மொன்றியல் விமான நிலையத்தில் அவர் நகுலேஸ்வரனின் காதைப் பிடித்து இழுத்துக் கையால் சொன்னாராம்: "இது இனி எங்கட ஒன்பது பேரின்ர காது. கவனமா வைச்சிரு தம்பி."

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. இருட்டில் கை தெரியாது, கூப்பிட்டும் பயனில்லை. அதனால் இருட்டில் நடக்கும்போது ஒரு கயிறு. அதில் ஒன்பது முடிச்சு, ஆளுக்கு ஒன்று; கடைசி முடிச்சு அல்போன்சம்மாவுடையது. முன்நுனி நகுலேஸ்வரனின் கையில். அவர் ஒரு தரம் இழுத்தால், பின்னால் ஒவ்வொருவராக ஒரு இழுப்பு. ஒன்பது வந்தால் எல்லோரும் இருக்கிறோம் என்று அர்த்தம்.

ஏழாம் நாள் ஒரு மலைக்கோயில். காலைப் பூசையில் எதையோ பார்த்து அல்போன்சம்மா சிரித்துவிட்டார். துறவிகள் திரும்பினார்கள். நகுலேஸ்வரனுக்கு முகம் எரிந்தது. எல்லோருக்கும் முன்னால் கையைக் காட்டினார்: "குரலைப் பூட்டுங்கோ. வெட்கமாக் கிடக்கு."

அந்த அம்மா வாயை மூடினார். அன்று முழுவதும் நகுலேஸ்வரனின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவு எட்டு நாற்பது. மலையில் பழைய இடுகாடு, அதற்குள் ஒரு நடை. தேவதாரு மரங்கள்... கல் விளக்குகள்... ஈரப்பாசி மணம், அதற்குள் ஊதுபத்தி மணம். மழை தொடங்கிவிட்டது. விடுதி வாசலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வழிகாட்டிய துறவி எப்போதோ முன்னால் போய்விட்டார்.

நகுலேஸ்வரன் கயிற்றை இழுத்தார். ஒன்று, இரண்டு... எட்டு.

ஒன்பது வரவில்லை.

அப்போது கேட்டது. பின்னால், படிகளுக்குக் கீழே, பள்ளத்தில் இருந்து. "ஆஆ... ஊ..." கொஞ்சம் நின்று, மறுபடி. மூன்று தரம்.

அந்தக் காட்டில் அதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான்.

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? காலையில் அடக்கியதற்குப் பழிவாங்குகிறா... வேணுமென்றே கத்துகிறா... ஆறினால் தானாய் வருவா. அப்படித்தான் மதுஷனிடம் சொல்லியிருக்கிறார். டோர்ச்சைத் தன் கையில் அடித்து, எட்டுப் பேருக்கும் சைகையில் சொன்னார்: "அல்போன்சம்மா களைச்சுப்போனா. முந்தியே ரூமுக்குப் போயிட்டா. வாங்கோ."

நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன பேச்சு, அறிவிப்பில் என்ன சொல்கிறார்கள், எல்லாமே அந்தக் கை சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும்.

"அறுவான்!" என்றார் குணேஸ்வரி அக்கா. "போய்ப் பாக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. நடந்தவர்."

காலையில் அந்தப் பள்ளத்தில் உடலைக் கண்டெடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

நிரோஜா அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கிவிட்டுக் கேட்டாள்: "அவ கத்தேல்லையோ? விழுந்தால் கத்துவன், கேக்கிறதுக்கு ஒருத்தன் இருக்கிறான் எண்டு சொன்னவ."

"இல்லை," என்றது அண்ணனின் கை. "ஒரு சத்தமும் இல்லை."

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கொழும்பில் துணி விற்றவர்கள். பொய்க்காரனை முகத்தில் பிடிக்க எனக்குத் தெரியும். கண் துடிக்கும், தொண்டை ஏறி இறங்கும். நகுலேஸ்வரன் என்னோடு எத்தனை தரம் தேநீர் குடித்திருப்பார்! நானும் நம்பினேன். அவருடைய முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை. பொய் கையில் இருந்தது. நான் பார்க்காத இடத்தில்.

நாலு மாதம் போயிற்று. அல்போன்சம்மாவின் அண்ணன் யோசெப்பின் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். அங்கே ஒரு செபம் வைத்தார்கள். முடிந்ததும் அந்த எட்டுப் பேரையும் நகுலேஸ்வரன்தான் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசி இருக்கையில் ஒருவரும் இருக்கவில்லை. அதன்மேல் அந்தக் கயிறு சுருண்டு கிடந்தது. ஜப்பானில் இருந்து வந்த நாளில் தூக்கிப் போட்டது. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

இப்போது சென்-ரெஜி வீதி. பதினொன்று நாற்பது.

முதலில் மணம் வந்தது. ஹீட்டரின் தூசி மணத்துக்குள்... ஈரப்பாசி. பிறகு ஊதுபத்தி.

பிறகு கடைசி இருக்கையில் இருந்து, "ஆஆ... ஊ..."

அவர் திரும்பவில்லை. நாலு மாதப் பழக்கம். மெட்ரோவில் கேட்டிருக்கிறார், குளிக்கும்போது கேட்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். ஒருவருக்கும் கேட்டதாகத் தெரியாது. அப்பாடா என்று இருக்கும். அன்றைக்கும் அந்த ஆறுதலுக்காகத்தான் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

பதினாறு கைகள் பேசிக்கொண்டிருந்தன.

நின்றன.

எட்டுத் தலைகளும்... ஒன்றாக... பின்னால் திரும்பின.

இரண்டாம் தரம் கேட்டது. எட்டுப் பேரும் கடைசி இருக்கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் தரம். அது முடியும் வரை அசையவில்லை. பிறகு மெதுவாக முன்னால் திரும்பினார்கள். கண்ணாடிக்குள் எட்டு முகம், பதினாறு கண். அவரை.

வீதியோரம் நிறுத்தினார். கையால் நிரோஜாவைக் கேட்டார்: "என்ன பாத்தனீங்கள்?"

அவள் அண்ணனின் பக்கம் குனிந்தாள். எட்டி அவருடைய காதைத் தொட்டாள். "நீதானே எங்கட காது. நீ சொல்லு. என்ன கேட்டது?"

மெழுகுதிரி சடசடத்தது. குணேஸ்வரி அக்கா போர்வையை இழுத்துப் போர்த்தினார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஒரு கையசைவு போதும்.

"ஒண்டும் இல்லை," என்றது கை. "காத்து."

நிரோஜா தலையாட்டினாள். கையை உயர்த்தினாள். வானின் உள்விளக்கை அணைத்தாள்.

இனி உன்னோடு பேச்சில்லை என்பதைக் கேளாதவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இருட்டில் ஓட்டினார். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் தோளில் ஏதோ விழுந்தது. கயிற்றின் முன்நுனி. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. அது இழுபட்டது... ஒன்று. அவருக்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை. இரண்டு... மூன்று... எட்டு.

அதோடு நின்றது.

அக்காடி மெட்ரோ வாசலில் எட்டுப் பேரும் இறங்கினார்கள். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. தங்கையும் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. பனியில் எட்டுச் சோடிச் சப்பாத்துகள் நெரிபடும் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று.

அவர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். வானுக்குள் அவரைத் தவிர யாரும் இல்லை. கயிறு இன்னும் அவருடைய தோளில் கிடந்தது. மற்ற நுனி பின்னால், இருட்டுக்குள்.

அப்போதுதான் இழுபட்டது... ஒன்பது.