சிங்கப்பூரில் இருப்பவளுக்கு வெயில்

பர்மாவில், தின்கன்ஜூன் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், அக்காளும் தங்கையும்.

"பொண்ணுக்கு ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் கம்மியாம்க்கா. மனநோய் மாத்திரையோட இதையும் கொடுத்து, தினம் கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார வைங்கன்னாரு டாக்டர்," என்றாள் தங்கை.

"உட்கார வை. அதுக்கென்ன?"

"சிங்கப்பூர்ல இருக்கிறவளை மாடியில எப்படிக்கா உட்கார வைக்கிறது?"

என் மகளுக்கும் இப்போதுதான் அதே சிகிச்சை தொடங்கியிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன்.

அக்கா சிரித்தாள். "பெத்த பொண்ணை ரெண்டு வருசமா உள்ரூம்ல பூட்டிட்டு, தெருவுக்கெல்லாம் சிங்கப்பூர்ல வேலைன்னு கதை விட்டியே! அங்கேர்ந்து வெயிலைப் பார்சல்ல வரவழைச்சுக்கோ."

"எதிர்வீட்டு டோ மியா பார்த்துட்டா?"

"பார்க்கட்டும். மக அனுப்பினான்னு சொல்லி, நம்ம மார்க்கெட் சாக்லேட்டை அவளுக்குக் கொடுத்தவதானே நீ! வெட்கமா இல்ல?"

தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து மாத்திரை கொடுக்கப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, நான் எப்போ சிங்கப்பூர்லேர்ந்து திரும்பி வருவேன்?'னு கேட்கிறாக்கா."