லேபிள் இல்லாத ரெண்டு பாட்டில்

ஏணி எங்க தம்பி ஓடிடப்போகுது, பால்கனியிலதான் கெடக்கு. போறப்ப எடுத்துக்கலாம். மாடிக்குக் குடி வந்து மூணு நாளாச்சு, கீழ்வீட்டுக்காரன் மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்குறீங்க. வந்ததும் வராததுமா ஏணியத் தூக்கிட்டு ஓடுனா நல்லாவா இருக்கு? பல்பு அரை மணி நேரம் கழிச்சு எரிஞ்சா ஒன்னும் கொறஞ்சு போயிடாது. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க.

பீர் குடிப்பீங்கல்ல? எப்பவாவதா? அது போதும். தெனமும் குடிக்கிறவன் நாக்குல ஒன்னும் ஏறாது, எப்பவாவது குடிக்கிறவன் நாக்குதான் சுத்தமா இருக்கும். என்ன அப்படிப் பாக்குறீங்க? நான் ஒன்னும் மொடாக்குடியன் இல்ல, பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டில், அதுலயும் பாதி. மீதிப் பாதி என் மச்சானுக்கு. என் வீட்டுக்காரியோட அண்ணன்.

பதினேழு வருசம் தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு அடிச்சா மச்சான் வாசல்ல நிப்பாரு. கையில ஒரு பாட்டில், அதுவரைக்கும் நாங்க குடிக்காத ஒன்னு. ஒரு வாரம் அவரு வாங்கணும், ஒரு வாரம் நான். ரெண்டு கிளாஸ்ல சரி பாதி ஊத்துவோம். குடிக்கறதுக்கு முன்னாடி கொறிக்கக் கூடாது, பேசக் கூடாது. கலருக்கு ரெண்டு மார்க், நுரைக்கு ரெண்டு, வாசனைக்கு ரெண்டு, ருசிக்கு ரெண்டு, முழுங்கினப்புறம் வாயில நிக்கிறதுக்கு ரெண்டு. ஆக மொத்தம் பத்து. ஆளுக்கொரு சீட்டுல எழுதி, மடிச்சு, மாத்திக்குவோம். அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க சண்டை! வீட்டுக்காரி உள்ள இருந்து சத்தம் போடுவா, ரெண்டு கெழவனும் இதுக்குப் போயா இப்படிக் கத்துறீங்கன்னு.

இதோ இந்த நோட்டுதான். எழுநூத்துச் சொச்சம் இருக்கு. படிச்சுப் பாருங்க, மச்சான் எழுதுறது தமாஷா இருக்கும். இந்தக் கோதுமை பீருக்குப் பாருங்க, ஆரஞ்சுத் தோல் உரிச்ச கைன்னு எழுதியிருக்காரு. இந்தக் கருப்புப் பீருக்கு, பிடி கருகின வாணலின்னு. இதுக்கு ஈரச் சாக்கு. ஒரு மார்க்! மனுசன் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவரு, முப்பது வருசம் கிரீஸ்லயே கெடந்த மூக்கு, ஆனா எதையும் விடாது.

இல்ல, இப்ப வர்றதில்ல. ரெண்டு வருசமாச்சு.

என்மேலதான் தப்பு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நான் பெயிண்ட் கம்பெனியில கலர் பாக்குற வேலையில இருந்தேன். போன மாசம் போட்ட வெள்ளையும் இந்த மாசம் போட்ட வெள்ளையும் ஒன்னுதானான்னு பாத்துச் சொல்றது. எங்க வேலையில ஒரு குறும்பு உண்டு. புதுசா ஒருத்தன் சேந்தா, ஒரே பெயிண்ட ரெண்டு அட்டையில பூசி, ரெண்டு நம்பர் போட்டு அவன்கிட்ட நீட்டுவோம். இதுல எது அடர்த்தின்னு கேப்போம். பாதிப் பேரு கண்ணச் சுருக்கிக் கிருக்கி ஒன்னக் காட்டிடுவான். ரெண்டும் ஒன்னுதான்னு சொல்றவனைத்தான் வேலையில வெச்சுக்குவோம்.

அத நான் மச்சான்கிட்ட செஞ்சேன். எங்க தெரியுமா? அவரு வேலையில இருந்து ரிட்டயர் ஆன அன்னிக்கு, விருந்துல. கூட வேலை பாத்தவங்க இருபது பேரு, மேனேஜரு, மச்சானோட பொண்ணு, அவ வீட்டுக்காரரு, எல்லாரும் இருக்காங்க. மச்சான் தன் நாக்கப் பத்தி ஏதோ பெருமையா சொல்லிட்டிருந்தாரு. எனக்குக் கை சும்மா இருக்கல. ரெண்டு பாட்டில் பேப்பர் சுத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒரே பீர். மச்சான் ஒன்னாம் நம்பருக்கு எட்டரை போட்டாரு. ரெண்டாம் நம்பருக்கு நாலு. சும்மா போடல, எந்திரிச்சு நின்னு பேசினாரு தம்பி. இது நல்ல தண்ணியில செஞ்சது, அது ஏதோ பழைய குழாயில வந்துதுன்னு. எல்லாரும் வாயப் பொளந்து கேக்குறாங்க. நான் போயி ரெண்டு பேப்பரையும் கிழிச்சேன்.

சிரிப்புன்னா சிரிப்பு. மேனேஜரு கண்ணத் தொடச்சுத் தொடச்சு சிரிக்கிறாரு. அப்பவே பட்டப்பேரும் வெச்சுட்டாங்க, எட்டரைன்னு. முப்பது வருசம் அண்ணேன்னு கூப்பிட்டவங்க, போற நாள்ல எட்டரைன்னு கூப்பிட்டாங்க. மச்சான் கிளாஸக் கீழ வெச்சாரு. சரி மாப்ளன்னாரு. அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை அஞ்சு அடிச்சுது, அஞ்சரை அடிச்சுது, ஆளக் காணோம்.

போயிருக்கலாம்தான். நாலு தெரு தள்ளித்தான் வீடு. போயி ஒரு வார்த்தை, தப்பு மச்சான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. வீம்பு. வெளையாட்டுக்குச் செஞ்சதுக்கு என்ன இவ்வளவு கோவம்னு நானும் முறுக்கிக்கிட்டேன். அவரும் நானும் தெருவுல எதிர எதிர வந்தா, ஒருத்தர் செருப்பச் சரி பண்ணுவாரு, ஒருத்தர் கடை போர்டப் படிப்பாரு. வீட்டுக்காரி போன்ல அண்ணன்கிட்ட பேசுறப்பல்லாம் நான் டிவி சத்தத்தக் கொறச்சிட்டு உக்காந்திருப்பேன், அவரு குரல் வெளிய கேக்குமான்னு. இப்ப அவளும் இல்ல, எங்க பொண்ணோட பிரசவத்துக்குப் போயி நாலு மாசமாச்சு. வீட்டுல நான் பேசுறது எனக்கே கேக்குது.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். போன சனிக்கிழமை மச்சான் பொண்ணு வந்தா. மாமா, அப்பா குடுத்தாருன்னு ஒரு பையக் குடுத்துட்டு நிக்காமப் போயிட்டா. உள்ள பாத்தா இந்த ரெண்டு பாட்டில். லேபிளச் சுரண்டி எடுத்துட்டு, பேப்பர் சுத்தி, ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்காரு. கூட ஒரு சீட்டு. மாப்ள, மார்க் போட்டு அனுப்பு, வர்றேன்னு. வர்றேன்னு எழுதியிருக்காரு தம்பி! ரெண்டு வருசத்துக்கப்புறம்! இன்னிக்கு ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு சீட்ட வாங்க வருவா. மணி இப்ப என்ன, அஞ்சே கால். அதான் ஒரு நாக்குக்கு ரெண்டு நாக்கா இருக்கட்டுமேன்னு உங்களப் புடிச்சு உக்கார வெச்சேன்.

எடுங்க. ஒன்னாம் நம்பர். எனக்கும் ஊத்திக்கிறேன். இருங்க இருங்க, மடக்குன்னு குடிச்சிடாதீங்க. மொதல்ல மூக்க விடுங்க. என்ன வாசனை வருது? பீர் வாசனையா? அட, பீர்ல பின்ன சாம்பார் வாசனையா வரும்? நல்லா யோசிச்சு சொல்லுங்க. கண்ண மூடிக்கோங்க. ரொட்டியா? ம்... ரொட்டின்னா சுட்ட ரொட்டி ஓரமா, இல்ல வேகாத மாவா? ஓரமா. சரி. வேற? பழம் ஏதாவது? தெரியலன்னு சொல்லாதீங்க, தெரியும், கொஞ்சம் நேரம் குடுங்க அதுக்கு. காஞ்ச புல்லா? ஆகா. காஞ்ச புல்லு. சொல்லுங்க தம்பி, இன்னும் சொல்லுங்க. இப்பக் குடிங்க. முழுங்கினப்புறம் என்ன நிக்குது?

ஏழா? எழுதிக்கிறேன்.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கோங்க. இப்ப ரெண்டாம் நம்பர். கலர் ஒன்னாத்தான் இருக்கு, நுரையும் ஒன்னாத்தான் இருக்கு. கண்ணு சொல்றத நான் பாத்துக்கிறேன், நீங்க மூக்கு சொல்றதச் சொல்லுங்க. அதே ரொட்டியா? இல்லையா? தேனா? நெசமாவா? தேன்னா இனிப்பா, இல்ல தேன் வாசனை மட்டுமா? வாசனை மட்டும். இதுக்கு அஞ்சரையா. அப்ப ரெண்டும் வேற வேறதானா? அடிச்சுச் சொல்வீங்களா? சும்மா எனக்காகச் சொல்லலியே? இன்னொரு வாய் ரெண்டையும் மாத்தி மாத்திக் குடிச்சுப் பாருங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி, இதுல தப்பாகிடக் கூடாது.

என் மார்க்கா?

நான் இன்னும் போடல. போடறதுக்கு ஒன்னும் இல்ல. எனக்கு மூக்கு போயி பதினாலு மாசமாச்சு. ஒரு காய்ச்சல் வந்துது, போச்சு, போறப்ப அதையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. டாக்டரு மொதல்ல திரும்ப வந்துடும்னாரு. அப்புறம் வரலாம்னாரு. இப்பப் போனா பிரஷர் மட்டும் பாத்துட்டு அனுப்பிடறாரு. கசப்பு தெரியுது, சில்லுன்னு இருக்கறது தெரியுது, வேற எதுவும் இல்ல. உங்களுக்கு முன்னாடி மாடியில இருந்தவரு ஒரு நாள் கதவ இடிச்சு, சார் உங்க வீட்டுல பால் தீயுதுன்னு சொன்னாரு. நான் அடுப்புக்குப் பக்கத்துலதான் தம்பி நின்னுட்டிருந்தேன். வீட்டுக்காரிகிட்ட கூடச் சொல்லல. அவகிட்ட சொன்னா அண்ணனுக்குப் போயிடும். இருபது பேரு முன்னாடி அந்த மனுசன் மூக்க அறுத்துட்டு, இப்ப எனக்கு மூக்கே இல்லன்னு எந்த மூஞ்சிய வெச்சிட்டுச் சொல்றது?

ஆமா, உங்க மார்க்க என் கையெழுத்துல எழுதிக் குடுத்துடலாம்னுதான் கூப்பிட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோங்க. ஏழு, அஞ்சரை. குடுத்தா மச்சான் வருவாரு. ஆனா அடுத்த சனிக்கிழமை எதிர்ல உக்காந்து புதுசா ஒரு பாட்டில் தொறப்பாரு. மோந்து பாத்துட்டு, என்ன மாப்ள சொல்றன்னு என் மூஞ்சியப் பாப்பாரு. அப்ப உங்கள எங்கன்னு தேடுவேன்?

வந்துட்டா போல, வாசல் கேட் சத்தம் கேக்குது. அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க. நம்பர் வேணாம். மச்சான், எனக்கு ஒரு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல, சும்மா வாங்கன்னு எழுதிடறேன். படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாரு, இல்ல? சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கறதுக்காவது வரட்டும்.